வளவுக்குள் கரண்ட் வயர் புதைக்கிறவர்களுக்கு

ஒவ்வொரு மாரிக்கும் இதே கேள்விதான். வாடைக்காற்றில் தென்னை சரிந்து கம்பி அறுந்து ஊரே இருண்டதும், "தம்பி, இதையெல்லாம் நிலத்துக்குக் கீழே போட்டால் என்ன?" என்பார்கள். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட மட்டக்களப்பு ஆட்கள் அப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நிலத்துக்குள் போகும் கேபிளைக் காற்று ஒன்றும் செய்யாது, சரி. ஆனால் செலவு பல மடங்கு, பழுது வந்தால் கண்ணுக்குத் தெரியாது, கருவி வைத்து இடம் தேடித்தான் தோண்ட வேண்டும், அதுவும் மாரியில் நாலு வெட்டு வெட்டினாலே தண்ணீர் ஊறுகிற எங்கள் கரையோர மணலில் ஒரு இணைப்பு ஒழுங்காக அடைபடாவிட்டால் ஈரம் உள்ளே போய்விடும்.

தெருவை விட எனக்குப் பயம் வளவுக்குள் நாமே புதைக்கிற வயரில்தான். கல்லடியில் ஒரு வீட்டில் கேற் லைட்டுக்குச் சாதாரண வயரைப் பிவிசி குழாயில் விட்டு அரையடி ஆழத்தில் மூடியிருந்தார்கள். மழை பெய்தால், கரண்ட் கசிந்தால் லைனை வெட்டுகிற ட்ரிப் சுவிச் விழும். தொல்லையாக இருக்கிறதென்று யாரோ அதை விலக்கி நேரடியாக லைன் கொடுத்துவிட்டார்கள். பிறகு ஒருநாள் தென்னம்பிள்ளை வைக்க அலவாங்கு போட்டபோது அது வயரைக் குத்தியது. அந்த நேரம் கரண்ட் கட், அதனால்தான் அந்த மனிதர் இன்றைக்கும் இருக்கிறார்.

ட்ரிப் சுவிச் விழுவது பழுதைக் காட்டத்தான். 30 மில்லிஅம்பியர் கசிந்தாலே அது வெட்டிவிட வேண்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், விழாவிட்டால் மாற்றுங்கள். புதைப்பதென்றால் இரும்புக் கவசமுள்ள கேபிள், இரண்டடி ஆழம், மேலே எச்சரிக்கை நாடா. எந்த வழியாகப் போகிறதென்று ஒரு தாளில் கீறி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.

மேலே போகும் கம்பிக்கும் கவனம் வேண்டும். முருங்கைக்காய் பறிக்க இரும்புக் கொக்கத்தடி வேண்டவே வேண்டாம். 33,000 வோல்ட் லைனில் தடி முட்டவும் தேவையில்லை, கிட்டப் போனாலே பாயும். அப்புறம், அறுந்த கம்பி காய்ந்த மணலில் கிடந்தால் மணல் சரியாகக் கடத்தாது, பியூஸ் போகாமல் கம்பி உயிரோடேயே கிடக்கலாம். பத்து மீற்றருக்குக் கிட்ட ஒருவரையும் விடாமல் மின்சாரசபையின் 1987 இலக்கத்துக்கு அழையுங்கள்.

தென்னை நெருங்கிய ஒழுங்கைகளுக்கு, வெறுங்கம்பியை எடுத்துவிட்டு உறையிட்டு முறுக்கிய கேபிளைக் கட்டும்படி ஊராகச் சேர்ந்து கேளுங்கள். நிலக்கீழ் கேபிளை விட மலிவு, ஓலை உரசினாலும் பொறி பறக்காது. கம்பிப் பக்கம் சாய்ந்த மரம் வளவில் நின்றால் புரட்டாதியிலேயே மின்சாரசபைக்குச் சொல்லி லைனை நிறுத்தித்தான் வெட்டுங்கள், ஐப்பசி மழை தொடங்கினால் அவர்களுக்கும் ஆள் போதாது.