தோட்டா உள்ளே போகிறது என்பதற்காகச் சுட்டுவிடாதீர்கள்

போன மாதம் இன்னொருவர் வந்தார். இடது கையில் கட்டு. அவர் மேசைமேல் வைத்தது 16 போர் (bore, குழலின் அளவைச் சொல்லும் எண்) இரட்டைக்குழல் துப்பாக்கி, பர்மிங்ஹாமில் செய்தது. இறந்துபோன அப்பாவுடையதை முறையாக விண்ணப்பித்துத் தன் பெயரில் உரிமம் எடுத்திருக்கிறார். காகிதமெல்லாம் சரி. இடது குழல்தான் தோட்டா அறைக்கு, அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்துக்குச் சற்று முன்னால் கிழிந்து மேலே எழும்பியிருந்தது. "தோட்டா நல்லாத்தானே உள்ள போச்சு அண்ணே, துப்பாக்கியும் நல்லாத்தானே மூடுச்சு" என்றார்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழில் செய்பவன் நான். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் செம்பனை, டுரியான் தோட்டக்காரர்கள். காட்டுப்பன்றிக்காக ஒரு 12 போர் வைத்திருப்பார்கள். இப்போது இன்னொரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. 20, 28, 410 என்று பழைய சின்னப் போர் இரட்டைக்குழல்களைச் சேர்க்க ஆசைப்படும் இளைஞர்கள். அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். எடை குறைவு, கைக்குள் அடங்கும், வேலைப்பாடும் அழகு. அந்தக் காலத்தில் பிரிட்டனில் 12 போர்தான் பெரும்பாலோர் கையில் இருந்தது. 28-உம் 410-உம் குறைவாகவே செய்யப்பட்டன, அதனால் விலையும் கூடுதல். ஆனால் பழைய சின்னப் போர் துப்பாக்கி, புது 12 போரைப் போலத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளாது.

எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். 12 போர் சுமார் 18.5 மி.மீ., 20 போர் 15.6, 28 போர் 14. 410 மட்டும் வேறு கணக்கு, அது 0.410 அங்குலம் என்ற விட்டம். இது எல்லோருக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன். தெரியாமல் இருப்பது அறையின் நீளம்.

பொறுமையாகக் கேளுங்கள். பழைய பிரிட்டிஷ் 12, 16, 20 போர்களில் பெரும்பாலானவற்றின் அறை 65 மி.மீ. நீளம். இன்று கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் தோட்டா 70 மி.மீ. பெட்டியில் போட்டிருக்கும் அந்த 70, சுட்ட பிறகு வாய் விரிந்த நிலையில் உள்ள நீளம். சுடுவதற்கு முன்னால் வாய் நட்சத்திரம்போல உள்ளே மடிந்திருக்கும், அப்போது அதன் நீளம் 60 மி.மீ.கூட இருக்காது. அதனால் 65 மி.மீ. அறைக்குள் தாராளமாகப் போகும். துப்பாக்கியும் 'டக்'கென்று மூடும். எந்தத் தடையும் தெரியாது. மடக்கிய குடையைக் குழாய்க்குள் நுழைத்துவிடலாம், விரிக்கும்போதுதானே இடம் போதாது என்று தெரியும்? சுடும் நொடியில் மடிப்பு விரிந்து, குழல் குறுகத் தொடங்கும் இடத்துக்குள் நீட்டிக்கொள்கிறது. ஈயக்குண்டு அந்தக் குறுகிய வாய் வழியாகப் பிதுங்கி வெளியேற வேண்டும். போதாததற்கு 70 மி.மீ. தோட்டாவில் பல, பழைய குழல் தாங்கும் என்று சோதிக்கப்பட்ட அளவைவிடக் கூடுதல் அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை. அன்றே வெடிக்க வேண்டும் என்றில்லை. பத்துத் தடவை சும்மா இருக்கும். "எங்க மாமா இதே தோட்டாவத்தான் வருஷக்கணக்கா போட்டாரு" என்று எனக்குப் பதில் சொல்பவர்கள் அந்தப் பத்துத் தடவைக்குள் இருப்பவர்கள்.

உள்ளே போவது வேறு, பொருந்துவது வேறு. இன்னொரு முறை சொல்கிறேன்: துப்பாக்கி மூடியது எதற்கும் அத்தாட்சி இல்லை.

410-இல் இன்னும் மோசம். அதற்கு 2 அங்குலம், 2½ அங்குலம், 3 அங்குலம் என்று மூன்று நீளம் உண்டு. ஆரம்பகாலத் துப்பாக்கிகள் பல 2 அங்குலத்துக்குச் செய்யப்பட்டவை. '410 தோட்டா ஒரு பெட்டி' என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள்.

முத்திரையைப் பார்த்துக்கொள்கிறேன் என்பார்கள். சரி, பாருங்கள், ஆனால் படிக்கத் தெரிந்து பாருங்கள். குழலைக் கழற்றினால் அடிப்பக்கம் தட்டையான இடத்தில், குழல் தாங்குமா என்று சுட்டுப் பார்த்த சோதனைச்சாலையின் முத்திரைகள் இருக்கும். 1887-க்குப் பின் வந்த பிரிட்டிஷ் துப்பாக்கிகளில், 16 போராக இருந்தால், சாய்சதுரத்துக்குள் 16, அதன் கீழே 'சி' என்ற எழுத்து. அது 3 அங்குலத்துக்குக் குறைந்த அறை என்று மட்டுமே சொல்லும், 65-ஆ 70-ஆ என்று சொல்லாது. அறை நீளத்தை அங்குலத்தில் பொறிக்கும் வழக்கம் 1925 விதிகளோடு வந்தது. பக்கத்திலேயே 17 என்று தனியாக இருந்தால் அது குழலின் உள்ளளவு, தோட்டாவின் அளவு அல்ல. அதைப் படித்துவிட்டு '17 போர் தோட்டா கிடைக்குமா' என்று கேட்டவர்களும் உண்டு. புகையற்ற வெடிமருந்துக்குச் சோதித்த முத்திரை இல்லையென்றால் அந்தக் குழல் பழைய காலத்துக் கறுப்பு வெடிமருந்துக்கு மட்டுமே என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பும் எஃகும் முறுக்கி அடித்த டமாஸ்கஸ் குழலா? கோலம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அளக்காமல் தொடாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் துரு வெளியே தெரியாது, இரண்டு குழல்களையும் இணைக்கும் பட்டைக்கு அடியில் உட்கார்ந்திருக்கும்.

முத்திரை அன்று என்ன இருந்தது என்றுதான் சொல்லும். அதற்குப் பிறகு யாராவது துருவெடுக்க உள்ளே தேய்த்திருந்தால் சுவர் மெலிந்திருக்கும். சுவர் எந்த இடத்திலாவது 0.020 அங்குலத்துக்கு, அதாவது அரை மி.மீ.க்குக் குறைந்தால் நான் அதைச் சுட விடமாட்டேன். கோபித்துக்கொண்டு போனாலும் பரவாயில்லை.

வீட்டில் 12-உம் 20-உம் சேர்த்து வைத்திருப்பவர்களே, தயவுசெய்து தோட்டாக்களை ஒரே பையில் போடாதீர்கள். 20 போர் தோட்டா 12 போர் அறையைத் தாண்டி முன்னால் போய் மாட்டிக்கொள்ளும். அறை காலியாகத் தெரியும், நீங்கள் பின்னால் இன்னொரு 12-ஐப் போடுவீர்கள். அப்புறம் குழலும் இல்லை, விரலும் இல்லை. 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்ததே இதற்காகத்தான். 28 போர் தோட்டா 16 போரிலும் இதையே செய்யும், ஆனால் 28-க்கு அப்படி ஒரு நிறம் காப்பாற்றாது.

பழைய வெளிச்சுத்தியல் வகையில் இன்னொன்று. 1870களுக்கு முந்தைய அமைப்பில் சுத்தியல் அடித்தபின் தானாகப் பின்வாங்காது, தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசிமேலேயே உட்கார்ந்திருக்கும். அந்த நிலையில் தோட்டாவை வைத்து மூடாதீர்கள்.

கடைசியாகச் சட்டம். "சுடாது அண்ணே, தாத்தாவோட ஞாபகத்துக்கு வெச்சிருக்கோம்" என்பதெல்லாம் நீதிமன்றத்தில் நிற்காது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்றால் அதன் பாகமும் சேர்த்திதான், வெறும் குழல் மட்டும் இருந்தாலும். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது இரண்டும். துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டிய 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் குற்றம் சாட்டினால் 14 ஆண்டு வரை சிறையோடு ஆறுக்குக் குறையாத ரோத்தான் (பிரம்பு) அடி. 1948 ஜூன் 16-இல் மூன்று தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டு மலாயாவில் அவசரகாலம் தொடங்கியது இதே சுங்கை சிப்புட் வட்டாரத்தில்தான். அந்தக் காலத்தில் உரிமமில்லாத துப்பாக்கிக்கு மரண தண்டனை. நம் ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டியிருக்கக் கூடாது.

உரிமம் ஆளுக்குரியது, சொத்தோடு சேர்ந்து பிள்ளைக்கு வராது. வைத்திருந்தவர் இறந்துவிட்டால் உடனே போலீஸ் நிலையத்துக்குத் தெரிவியுங்கள். பழைய வீட்டு அட்டத்தில் எதையாவது கண்டெடுத்தாலும் அப்படித்தான். துணியில் சுற்றிக் காரில் போட்டு என் கடைக்குக் கொண்டுவராதீர்கள், நான் கையால் தொடக்கூட முடியாது. போலீஸுக்குத் தகவல் கொடுத்து அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள், தேவையானால் வக்கீலிடமும் பேசுங்கள்.

உரிமம் இருப்பவர்கள் வாருங்கள். குழலை எண்ணெய் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்காமல், இருக்கிறபடியே, தோட்டாப் பெட்டியையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். அறையும் சுவரும் அளந்து சொல்கிறேன்.