பதினாறு சீட்டுக்கு எவ்வளவு பலம்?

2024 ஜூன் 4, வாக்கு எண்ணிக்கை நாள். சாயங்காலம் வியாசர்பாடியில் எங்கள் தெரு கேரம் கிளப்பில் ஆட்டம் பாதியில் நின்றுவிட்டது. வடசென்னை உட்பட தமிழ்நாட்டின் 39 தொகுதிகளும் ஒரே அணிக்குப் போய்விட்டதால் உள்ளூர்ப் பேச்சு மதியத்தோடு முடிந்து, எல்லார் கண்ணும் டெல்லி மேல் இருந்தது. பாஜகவுக்கு 240. ஆட்சிக்குத் தேவை 272. சந்திரபாபு நாயுடுவின் தெலுங்கு தேசத்துக்கு 16, நிதிஷ் குமாரின் ஐக்கிய ஜனதா தளத்துக்கு 12. பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருவன், விரலில் ஒட்டிய பவுடரைக்கூடத் துடைக்காமல் கேட்டான்: “பதினாறு சீட்டுதானேண்ணா? அவரு இல்லன்னா ஆட்சியே இல்லன்றாங்களே, எப்படிண்ணா?”

அருமையான கேள்வி. இதற்கென்றே ஒரு கணக்கு இருக்கிறது. லாயிட் ஷேப்லி, மார்ட்டின் ஷுபிக் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1954-ல் எழுதியது. கூட்டல் தெரிந்தால் போதும், மூன்று கேரம் காயினை வைத்தே போட்டுவிடலாம்.

கறுப்புக்கு 49 சீட்டு, வெள்ளைக்கு 46, ரெட்டுக்கு 5 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 100, ஆட்சிக்கு 51 வேண்டும். இப்போது மூன்றையும் ஒவ்வொன்றாக போர்டின் நடுவுக்குத் தள்ள வேண்டும். எது முதலில், எது அடுத்து என்று ஆறு வரிசைகள் வரும். ஒவ்வொரு வரிசையிலும் எந்தக் காயின் உள்ளே வந்தபோது கூட்டல் 51-ஐத் தொட்டதோ, அதற்கு ஒரு புள்ளி. அவ்வளவுதான் விதி.

போட்டுப் பாருங்கள். முதலில் வரும் காயின் தனியாக 51-ஐத் தொடாது. இரண்டாவது வந்ததும் தொட்டுவிடும். கறுப்பும் வெள்ளையும் 95, கறுப்பும் ரெட்டும் 54, வெள்ளையும் ரெட்டும் மிகச் சரியாக 51. ஆக, இரண்டாவதாக வருவதற்குத்தான் எப்போதும் புள்ளி. ஆறு வரிசையில் ஒவ்வொரு காயினும் இரண்டு முறை இரண்டாவதாக வரும். கறுப்புக்கு 2, வெள்ளைக்கு 2, ரெட்டுக்கும் 2. ஐந்து சீட்டுக்காரருக்கும் 49 சீட்டுக்காரருக்கும் ஒரே பலம்!

இனி வெள்ளையிடமிருந்து இரண்டே இரண்டு சீட்டை எடுத்துக் கறுப்பிடம் கொடுங்கள். 51, 44, 5. ரெட்டின் சீட்டை யாரும் தொடவில்லை. ஆனால் இப்போது ஆறு புள்ளியும் கறுப்புக்கே. ரெட்டின் பலம் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பூஜ்யத்துக்கு விழுந்துவிட்டது. நான் இதை எத்தனையோ முறை போட்டுப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் சிலிர்க்கிறது. தன் பலம் தன் கையில் இல்லை, மற்ற இருவருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் இருக்கிறது என்பதை இவ்வளவு எளிமையாகச் சொல்லும் வேறு கணக்கு எனக்குத் தெரியாது.

இது காகிதத்தில் மட்டும் நடப்பதில்லை. 1969-ல் மேற்கு ஜெர்மனியில் கிறிஸ்தவ ஜனநாயக அணிக்கு 242, சமூக ஜனநாயகக் கட்சிக்கு 224, சுதந்திர ஜனநாயகக் கட்சிக்கு வெறும் 30. தேவை 249. நம் மூன்று காயின்களேதான். அந்த 30 பேர் இரண்டாம் இடத்தில் இருந்தவர்களோடு சேர்ந்து வில்லி பிராண்ட்டை ஆட்சித் தலைவராக்கினார்கள். பதிலுக்கு வெளியுறவும் உள்துறையும் விவசாயமும் அவர்களுக்குக் கிடைத்தன.

சரி, தம்பியின் 16-க்கு வருவோம். தேர்தலுக்கு முன்பே சேர்ந்திருந்த தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு மொத்தம் 293. தெலுங்கு தேசம் மட்டும் விலகினால் 277, ஆட்சி நிற்கும். ஐக்கிய ஜனதா தளம் மட்டும் விலகினால் 281, அப்போதும் நிற்கும். இருவரும் சேர்ந்து போனால் 265, கவிழும். ஆனால் இருவரும் எதிரணியின் 234-உடன் சேர்ந்தாலும் 262-தான். இன்னும் பத்துப் பேரைத் தேட வேண்டும். அன்றைக்கு எல்லாரும் ‘கிங் மேக்கர்’ என்று சொன்ன இருவரில் ஒருவரால்கூடத் தனியாக ஆட்சியைக் கவிழ்த்திருக்க முடியாது.

1962-ல் வில்லியம் ரைக்கர் என்பவர், கூட்டணி தேவைக்கு மேல் பெருகாது, கூடுதல் ஆள் என்றால் கூடுதல் பங்குதானே என்று வாதிட்டார். 293 அதற்கு நேர் எதிர். ஆனால் உபரியாக இருக்கும் அந்த 21 சீட்டு ஒரு காப்பு. யாரும் தனியாக மிரட்ட முடியாது. மந்திரி பதவிகளையும் எண்ணிப் பார்த்தேன். யார் எத்தனை சீட்டு கொண்டுவந்தாரோ அந்த விகிதத்தில்தான் பதவி கிடைக்கும் என்று 1961-ல் வில்லியம் காம்சன் சொன்ன விதி பல நாடுகளில் வியக்கும்படி பொருந்தியிருக்கிறது. பிரதமரையும் சேர்த்து 72 பேர் இருந்த அந்த அமைச்சரவையில், அந்த விதிப்படி தெலுங்கு தேசத்துக்குக் கிட்டத்தட்ட 4 வர வேண்டும். வந்தது 2. அப்புறம் ஜூலை பட்ஜெட்டில் அமராவதிக்கு 15,000 கோடி ரூபாய்க்கு வழி செய்வதாக அறிவிப்பு வந்தது. பங்கை மந்திரி பதவியில் மட்டும் தேடினால் இதைத் தவறவிடுவோம்.

யார் யாரோடு சேருவார்கள் என்று முன்கூட்டியே கணிப்பவர்கள், சாத்தியமான எல்லாக் கூட்டணிகளையும் எழுதிவைத்து ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பைக் கணக்கிடுகிறார்கள். பத்துக் கட்சி என்றால் 1,023 சேர்க்கைகள். கொள்கையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்களா, தேர்தலுக்கு முன்பே கைகோத்தவர்களா, ஏற்கெனவே ஒன்றாக ஆண்டவர்களா என்பதெல்லாம் கணக்கில் சேரும். கணிப்பு பலமுறை தப்பும். ஆனால் எங்கே தப்பியது என்று திரும்பிப் போய்ப் பார்க்க முடியும். தேர்தல் சமயத்தில் டிவியில் கிரகம் பார்த்துச் சொல்பவர்களிடம் அந்த வசதி இல்லை. யார் ஜெயித்தாலும் அவர்கள் சொன்னது பலித்ததாகிவிடும். அதற்கு மணிக்கணக்கில் நேரம் ஒதுக்குவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். யார் எந்தத் தேதியில் ஆதரவுக் கடிதம் கொடுத்தார், என்ன இலாகா கேட்டார் என்பதைப் பழைய நாளிதழ்களிலிருந்து திரட்ட நாலு மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தால் போதும், நம் மாநிலங்களுக்கே உரிய கணக்கு உருவாகும். பெரிய பணம் வேண்டியதில்லை.

உதாரணத்துக்கு, 2006 தமிழ்நாடு. சட்டமன்றத்தில் 234 இடம், தேவை 118. திமுக 96, காங்கிரஸ் 34, பாமக 18, மார்க்சிஸ்ட் 9, இந்திய கம்யூனிஸ்ட் 6. எதிரே அதிமுக அணி 69. திமுகவும் காங்கிரசும் சேர்ந்தாலே 130. காங்கிரஸ் இல்லாமல் அதிமுக அணி, திமுகவைத் தவிர மற்ற எல்லாரையும் சேர்த்தாலும் 118 வராது. அப்படியென்றால் காங்கிரசுக்கு நல்ல பலம். விகிதப்படி பார்த்தால் மந்திரி சபையில் கால் பங்கு.

தம்பி இதை போர்டில் அடுக்கினான். காயின் போதாமல் ஸ்டிரைக்கரையும் வைத்தான். “அப்போ காங்கிரஸுக்கு எத்தனை மந்திரிண்ணா?”

ஒன்றுகூட இல்லை. வெளியிலிருந்து ஆதரவு. ஐந்து வருஷமும் திமுக தனியாகவே அமைச்சரவை நடத்தியது. எதிர்க்கட்சி ‘மைனாரிட்டி அரசு’ என்று சொல்லிக்கொண்டே இருந்தது, அரசு விழவில்லை.

அவன் மறுபடி கூட்டிப் பார்த்தான். கூட்டல் சரிதான். நான் பக்கத்து போர்டைக் காட்டினேன். அது டெல்லி. அங்கே மன்மோகன் சிங் அரசு, காங்கிரசுக்கு 145 எம்.பி.தான், தேவை 272. கூட்டாளிகளை நம்பி ஓடிக்கொண்டிருந்தது. இங்கே மந்திரி பதவி கேட்டு இழுத்தால் அங்கே ஆட்டம் காணும். அங்கே திமுகவுக்கு எத்தனை எம்.பி. என்று கேட்டான்.

“பதினாறு.”

ஸ்டிரைக்கரை எடுத்துக்கொண்டு அடுத்த போர்டுக்குப் போய்விட்டான்.