ஆதரவா, துணையா?

லண்டனில் இருக்கும் தங்கச்சி போன கிழமை ஒரு துண்டுப்பிரசுரத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். ‘இனச் சிறுபான்மைக் குழந்தைகள் மற்றும் குடும்பங்களுக்கான சமூக ஆதரவு சேவைகள்’ என்று தலைப்பு. கீழே அவளுடைய கேள்வி: “அண்ணா, நாங்கள் என்ன ஆதரவில்லாத ஆக்களோ?”

ஆங்கிலத்தில் சப்போர்ட் என்று எங்கே கண்டாலும் ஆதரவு என்று எழுதிவிட்டுப் போவது மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது.

சப்போர்ட் லத்தீன் வழி வந்த சொல், கீழிருந்து தாங்குவது. குலை தள்ளிய வாழைக்கு முண்டு கொடுப்போமே, அதுதான். ஆதரவு வடமொழி ‘ஆதர’ வழி வந்தது, மதிப்பு, பரிவு. பொல்லாத சொல் இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் அது கூடுதலாகக் காதில் விழுவது தேர்தல் மேடையிலும் ஆதரவற்ற சிறுவர் இல்லம் என்ற பேச்சிலும்தான். அந்தப் பிரசுரம் சொல்வதோ வேறு: பள்ளிக்கூடப் படிவம் நிரப்ப, வைத்தியரிடம் மொழிபெயர்த்துச் சொல்ல, பிள்ளைக்குப் பேச்சுப் பிந்தினால் யாரிடம் காட்டுவது என்று கேட்க ஓர் இடம். இதற்குத் தமிழில் துணை என்று பெயர். வழித்துணை, பேச்சுத்துணை என்கிறோம். உசாத்துணை என்றும் ஒன்று உண்டு. கேட்டுத் தெளியக் கூட இருப்பவர். அதைக் கொண்டுபோய்ப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நூற்பட்டியலுக்குத் தலைப்பாக்கி வைத்திருக்கிறோம்!

துணை என்றால் இரண்டாந்தரம் போல் படும் என்பார் எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர். துணைவேந்தரைக் காட்டுவார். சரி, அந்த ஒன்று இருக்கிறது. மற்றப்படி எங்கள் பக்கம் அமைச்சருக்கு அடுத்தவர் பிரதி அமைச்சர், அரசாங்க அதிபருக்கு அடுத்தவர் மேலதிக அரசாங்க அதிபர். தமிழ்நாட்டுத் துணை முதல்வருக்காக நாங்கள் ஏன் இந்தச் சொல்லை விட்டுக்கொடுக்க வேண்டும்?

அடுத்தது அந்தச் ‘சமூக’. இங்கே சமூக சேவை என்றால் உதவிப்பணம்தான் நினைவுக்கு வரும். கொம்யூனிட்டிக்கு எங்களிடம் ஊரறிந்த சொல் இருக்கிறது: சனசமூகம். பின்னேரத்தில் பேப்பர் பார்க்கப் போகும், பல இடங்களில் முன்பள்ளியும் நடக்கும் சனசமூக நிலையத்தைத் தெரியாத யாழ்ப்பாணத்தான் உண்டா? சனமும் வடமொழி, சமூகமும் வடமொழி. தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். கேட்டவுடன் விளங்குவது எனக்குப் பெரிது.

சிறுபான்மை இருக்கட்டும். பழைய உரையாசிரியர்கள் ‘சிறுபான்மை வரும்’ என்றால் அருகித்தான் வரும் என்று பொருள். சனத்தொகைக் கணக்குக்குப் பின்னால் வந்தது. ‘குழந்தை’தான் இடிக்கிறது. எங்களுக்குக் குழந்தை கைக்குழந்தை. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையை இலங்கையில் சிறுவர் உரிமைகள் சமவாயம் என்கிறோம். அதன் 30ஆம் உறுப்புரை, சிறுபான்மைப் பிள்ளைக்குத் தன் மொழியைப் பேசும் உரிமையை மறுக்கக்கூடாது என்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கென்று வந்த பிரசுரத்திலேயே மொழி இப்படிக் கிடக்கிறது. நடுவில் ஒரு ‘மற்றும்’ வேறு. ‘பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும்’ என்றால் கை நோகுமா?

‘சிறுபான்மை இனப் பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் சனசமூகத் துணை’ என்று எழுதி, விளக்கமும் சேர்த்துத் தங்கச்சிக்கு அனுப்பினேன். “அது சரி அண்ணா, சனிக்கிழமையும் திறந்திருப்பினமோ?” என்று கேட்டாள்.