ஆமைக்குஞ்சைக் கையில் வாங்காதீர்கள்

சித்திரை விடுமுறை முடிந்த முதல் திங்கட்கிழமை. காலை எட்டு மணிக்கே என் மிருக சிகிச்சை நிலையத்தின் முன்னால் ஒரு கார் நின்றது. தகப்பன் பின்சீட்டிலிருந்து மீன் கொண்டுபோகும் ரெஜிபோம் பெட்டியொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் எட்டோ ஒன்பதோ வயதில் மகள். "டொக்டர், இதுகள் ஒன்றும் சாப்பிடுதில்லை" என்றார். மூடியைத் திறந்தேன். அரை அடிக்குக் கிணற்றுத் தண்ணீர், ஊறிப்போன பாண் துண்டுகள், கொஞ்சம் சோறு. அதற்குள் நான்கு கடலாமைக் குஞ்சுகள். இரண்டு செத்து மிதந்தன.

இந்த வருடத்தில் எனக்கு வந்த மூன்றாவது பெட்டி இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கிழக்கிலங்கையில் திருக்கோவில் என்ற ஊர்ப்பக்கம் உறவினர் வீட்டுக்குப் போனவர்கள், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கடற்கரையோரம் விளக்கு எரிந்த ஒரு மதிலடியில் குஞ்சுகளைக் கண்டிருக்கிறார்கள். எடுத்துக்கொண்டு போவோம் என்று அடம்பிடித்தது மகள்தான். போன வருடம் பள்ளிக்கூடத்தில் தென்கரைக்கு ட்ரிப் போனபோது, ஓர் ஆமைப் பொரிப்பகத்தில் தொட்டிக்குள் நூற்றுக்கணக்கான குஞ்சுகளைப் பார்த்தாளாம். "மூன்று நாள் வைத்துப் பெலனாக்கித்தான் கடலில விடுறது என்று அங்க இருந்த அண்ணா சொன்னவர். நாங்களும் அப்படிச் செய்யத்தான் வைத்திருந்தோம், டொக்டர்" என்றாள். அந்தப் பிள்ளையை ஏச எனக்கு மனம் வரவில்லை. பார்த்ததைத்தானே செய்திருக்கிறாள்.

உயிரோடிருந்த ஒன்றை எடுத்து ஈரத்துணியில் வைத்தேன். ஓடு நாலு சென்ரிமீற்றர் இருக்கும், கரிக்கட்டை நிறம். பங்குனி ஆமை என்றும் சித்தாமை என்றும் சொல்லும் இனம். புரட்டிப் பார்த்தால் வயிற்றின் நடுவில், மஞ்சள் கருவை உள்ளே இழுத்துக்கொண்ட இடத்துத் தழும்பு இன்னும் சரியாக மூடவில்லை. முன் துடுப்புகள் இரண்டும் ஓயாமல் அடித்தபடி இருந்தன. துணியிலிருந்து தூக்கினேன். காற்றிலும் அதே அடி.

அந்தத் துடுப்படியைத்தான் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் விளங்கப்படுத்த வேண்டும். முட்டையை விட்டு வந்த குஞ்சு ஒரு நாள் அளவுக்கு வெறி பிடித்ததுபோல் நீந்தும். கரையோரத்து மீன்களிடமும் பறவைகளிடமும் அகப்படாமல் ஆழ்கடலைச் சேர அதற்கிருக்கும் ஒரே வழி அது. அதற்கான எரிபொருள் வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு. அதைக் கொண்டே சில நாட்களுக்குத் தீனி இல்லாமல் சமாளித்துவிடும். சோறும் தேவையில்லை, பாணும் தேவையில்லை. தொட்டியில் போட்டால் என்ன நடக்கும்? தொட்டிச் சுவரில் முட்டி முட்டி, ஆழ்கடல் வரை போக வைத்திருந்த பெலனையெல்லாம் அங்கேயே நீந்தித் தீர்த்துவிடும். அந்த வெறியும் அடங்கிப்போகும். மூன்று நாள் கழித்துக் கடலில் விடும்போது கையில் இருப்பது களைத்துப்போன குஞ்சு. "பெலனாக்கி விடுகிறோம்" என்ற பேச்சை எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். படித்தவர்களும் சொல்கிறார்கள். தயவுசெய்து இனிமேல் சொல்லாதீர்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

இன்னும் இருக்கிறது. நெருக்கமாகக் கிடந்தால் குஞ்சுகள் ஒன்றையொன்று துடுப்பிலும் கழுத்திலும் கடிக்கும். அந்தக் காயத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு தொட்டியில் ஒன்றுக்குப் பிடித்தால் மற்றவைக்கும் வரும். தொட்டியைச் சுற்றிநின்று குஞ்சைத் தொடும் நாற்பது பிள்ளைகளின் கைகளில் சன் க்ரீமும் நுளம்பு எண்ணெயும் பூசியிருக்கும். பிள்ளைகளுக்கும் ஆபத்துண்டு. ஆமையின் தோலில் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம். ஆமையைத் தொட்ட கையோடு பனிஸ் சாப்பிடும் பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன்.

ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் பெரிய ஆமையாகும் என்பது பொதுவான கணிப்பு. "அப்படியானால் நாம் உதவத்தானே வேணும்" என்கிறார்கள். சரி, உதவுங்கள். மணலில் ஊர்ந்து அதுவாகக் கடலில் இறங்க விடுங்கள். தான் பிறந்த கரையின் காந்தப்புலத்தைப் பதிந்துகொண்டு போகும் பெண் ஆமை, வருடங்கள் பல கழித்து அந்தப் பக்கத்துக்கே முட்டையிட வருகிறது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

பொரிப்பகங்கள் எல்லாமே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாயும் உடும்பும் முட்டைத் திருடர்களும் உள்ள கரையில் முட்டைகளை வேலிக்குள் வைத்துக் காப்பாற்றுவது பெரிய வேலை. வலையில் மாட்டித் துடுப்பிழந்த பெரிய ஆமையை வைத்து வைத்தியம் பார்ப்பதும் அப்படித்தான். ஆனால் தொழில் தெரிந்தவர்கள் நடத்த வேண்டும். முட்டையிட்டுச் சில மணித்தியாலங்கள் போனபின் அதைப் புரட்டி எடுத்தால் உள்ளே கரு செத்துவிடும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது மணலின் சூடு. ஏறக்குறைய 29 பாகை செல்சியஸுக்கு மேல் போகப் போகப் பெண்கள் கூடும். நிழலே இல்லாமல் கொதிக்கும் மணலில் முட்டைகளைப் புதைத்து வைத்திருக்கும் இடத்தைக் கண்டால் எனக்கு வயிறு கலங்கும்.

தென்கரையில் தங்காலைக்குப் பக்கத்தில் ரெக்கவ என்ற கரை 2006இல் சரணாலயமாக்கப்பட்டது. அங்கே முட்டைகளை இட்ட இடத்திலேயே விட்டுக் காவல் காக்கிறார்கள். இரவில் போய், ஆமை முட்டையிட வந்தால் தள்ளி நின்று பார்க்கலாம். சில இரவுகளில் ஒன்றும் வராது. அதையும் சொல்லியே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அவ்வளவு தூரம் போகாமலே நம் கிழக்கில் பாணமை, ஒகந்தைப் பக்கத்துக் கரைகளில் நீங்களே ஆமையைக் காணலாம். கண்டால் முன்னால் போகாதீர்கள். டோர்ச் அடிக்காதீர்கள், போனில் பிளாஷ் போடாதீர்கள். முட்டையிடுமுன் வெளிச்சம் பட்டால் திரும்பிப் போய்விடும். கண்ணில் நீர் வடிவதைப் பார்த்து அழுகிறது என்று பதற வேண்டாம், உப்பைத்தான் வெளியேற்றுகிறது. கடலோரம் வீடோ விடுதியோ வைத்திருப்பவர்கள் கடல் பக்கத்து விளக்கை இரவில் அணைத்துவிடுங்கள். அந்த நான்கு குஞ்சுகளும் மதிலடிக்கு வந்தது ஒரு விளக்கால்தான்.

பகலில் குஞ்சு கிடந்தால், வாளியில் ஈரமணல் போட்டு அதன்மேல் வைத்து நிழலில் மூடி வையுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். உடனே வனஜீவராசிகள் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோவது சட்டப்படி குற்றம். நம் கரைகளுக்கு வரும் ஐந்து இன ஆமைகளுக்கும் அவற்றின் முட்டைகளுக்கும் இது பொருந்தும்.

கடற்றொழில் செய்யும் அண்ணன் தம்பிமாருக்கும் ஒன்று. வலையில் அசையாமல் வரும் ஆமையைச் செத்ததென்று கடலில் தள்ளாதீர்கள். மூச்சடைத்து மயங்கியிருக்கலாம். படகில் நிழலில், வயிறு கீழிருக்க வைத்து, பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, ஈரச்சாக்கு போடுங்கள். மூக்கை மூடாதீர்கள். மணித்தியாலக் கணக்கில் ஆகலாம், பொறுத்திருங்கள். அப்படி உயிர் வந்ததை மட்டக்களப்புக் கல்லடியில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்தத் திங்கள் இரவு, மிஞ்சிய இரண்டையும் அதிகாரிகளோடு போய் இருண்ட கரையொன்றில் ஈரமணலில் விட்டோம். தகப்பனும் மகளும் வந்திருந்தார்கள். ஒன்று பாதி வழியில் நின்றுவிட்டது. மகள் குனிந்து கையை நீட்டினாள், பிறகு தானாகவே கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். குஞ்சு மறுபடி ஊர்ந்தது. எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்னும் மனம் பாரமாகத்தான் இருக்கிறது. ஒரு நாளைப் பெட்டியில் தொலைத்த குஞ்சுகள் அவை.

ஓகஸ்ட் விடுமுறைக்குத் தென்கரைக்கு பஸ் பிடிக்கப்போகும் ஆசிரியர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். போகுமுன் அந்தப் பொரிப்பகத்துக்குப் போனில் ஒரு கோல் எடுத்து, "பிள்ளைகள் குஞ்சைக் கையில் பிடிக்கலாமா? பகலில் கடலில் விடலாமா?" என்று மட்டும் கேளுங்கள். "ஓம், தாராளமாக" என்று பதில் வந்தால், பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.