நிறுவுதல்: ‘இன்ஸ்டோல்’ என்ற சொல்லின் வேரும் தமிழும்

திருகோணமலையில் கணினி திருத்தும் கடையொன்றுக்கு மடிக்கணினியைக் கொண்டுசெல்பவர் ‘இதுக்கு விண்டோஸ் போட்டுத் தாங்கோ’ என்று கேட்பார். கடைக்காரர் அதே வேலையைப் பற்றுச்சீட்டில் ‘இன்ஸ்டோலேஷன்’ என்று எழுதுவார். பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் அவருடைய மகளோ அதை ‘நிறுவுதல்’ என்று எழுதிப் புள்ளி வாங்குவாள். மூன்றும் ஒரே வேலையைத்தான் குறிக்கின்றன. ஆயினும் அந்த வேலையின் இயல்பை மூன்றும் ஒரே அளவில் சொல்வதில்லை என்பதும், எழுத்துத் தமிழில் ‘நிறுவுதல்’ என்பதே நிலைக்க வேண்டும் என்பதும் என் கருத்து.

ஆங்கிலச் சொல்லின் அடியில் இருப்பது ‘ஸ்டால்’ என்ற பழைய ஜெர்மானியச் சொல். ஒன்று நிற்கும் இடம் என்பது அதன் பொருள். மாடும் குதிரையும் கட்டும் தொழுவத்தையும் அது குறித்தது. இடைக்கால இலத்தீன் அதை ‘ஸ்டல்லும்’ என்று ஏற்று, ‘உள்ளே’ என்னும் பொருள்தரும் ‘இன்’ என்ற முன்னொட்டைச் சேர்த்து, ‘இன்ஸ்டல்லாரே’ என்ற வினையை ஆக்கியது. தேவாலயத்தின் பாடகர் பகுதியில் ஒவ்வொரு குருவுக்கும் அவருடைய பதவிக்குரிய இருக்கை உண்டு. புதிதாகப் பதவியேற்பவரைச் சடங்குமுறைப்படி அந்த இருக்கையில் அமர்த்துவதே இந்த வினையின் முதற்பொருள். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் இச்சொல் வழங்கியபோதும் இந்தப் பொருளே இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலைகளும் வீடுகளும் இயந்திரங்களையும் குழாய்களையும் மின்விளக்குகளையும் ஏற்கத் தொடங்கிய பின்னரே அது பொருள்களுக்கும் பெயர்ந்தது. அங்கிருந்து கணினிக்கு வந்தது. வெறுமனே உள்ளே வைப்பது என்ற பொருள் எந்தக் கட்டத்திலும் இதற்கு இருந்ததில்லை. உரிய இடத்தில் அமர்த்தி, அந்த இடத்துக்குரிய உரிமையையும் கடமையையும் கொடுப்பது என்பதே இதன் உட்கிடை.

தமிழ்ச் சொல்லும் நிற்பதிலிருந்தே பிறக்கிறது. நில் என்ற வேரிலிருந்து நிறு, நிறுத்து, நிறுவு என்பன கிளைக்கின்றன. புணர்ச்சியில் முதலில் நிற்கும் சொல்லை, இன்று நாம் நிலைமொழி என்பதை, தொல்காப்பியம் ‘நிறுத்த சொல்’ என்று குறிப்பதால் இந்தக் கிளையின் பழமை விளங்கும். நிறுவனம், நிறுவுநர் ஆகிய சொற்களும் இதன் வழிவந்தவையே. உடன்பிறந்த சொல்லாகிய ‘நிறுத்து’ இந்த வேலைக்கு ஏன் ஆகாது என்று கேட்கலாம். ஒருகாலத்தில் அதற்கும் நிலைபெறச் செய்தல் என்ற பொருள் இருந்தது. தேர்தலில் வேட்பாளரை நிறுத்துவதில் அது இன்னும் எஞ்சியிருக்கிறது. ஆனால், திரையில் ‘நிறுத்து’ என்றொரு பொத்தானைக் கண்டால், நடந்துகொண்டிருப்பது நின்றுவிடும் என்றே எவரும் கொள்வர்.

வடமொழியின் ‘பிரதிஷ்டை’யும் நிற்றல் எனப் பொருள்படும் ‘ஸ்தா’ என்ற தாதுவின் வழி வந்தது. திருகோணமலை வாசகருக்கு இச்சொல்லை விளக்கத் தேவையில்லை. 1950ஆம் ஆண்டில் கிணறு தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்த கோணேசர் ஆலயத்து வெண்கலத் திருவுருவங்கள், திருப்பணி நிறைவேறிய பின்னர் 1963ஆம் ஆண்டில் திருகோணமலையின் சுவாமிமலையிலுள்ள அந்த ஆலயத்தில் மீளவும் பிரதிஷ்டை செய்யப்பட்டன. திருவுருவத்தைக் கொண்டுவந்து ஓர் அறையில் வைத்தால் அது பிரதிஷ்டை ஆகாது. இடம் வகுத்து, கிரியைகள் செய்து, பூசைக்குரியதாக்கிய பின்னரே ஆகும். குருவை இருக்கையில் அமர்த்திய இலத்தீன் சொல்லுக்கு மிக அண்மையில் நிற்பது இதுவே. இருந்தாலும் மென்பொருளுக்குப் பிரதிஷ்டை என்று எழுத யாருக்கும் மனம் வராது, வரவும் வேண்டாம். சிலைக்கும் சங்கத்துக்கும் பாடசாலைக்கும் பொதுவாக வழங்கும் ‘நிறுவுதல்’ அந்தப் பொருளைச் சடங்கின் கனமின்றித் தருகிறது.

கணினிக்குள் உண்மையில் நடப்பதும் இந்தப் பொருளோடு ஒத்துப்போகிறது. ஒருவர் நண்பரின் கணினியிலுள்ள மென்பொருளின் கோப்புறையை அப்படியே பென் ட்ரைவில் எடுத்துவந்து தம் கணினியில் ஒட்டுகிறார். பெரும்பாலும் அது இயங்காது. கோப்புகள் வந்துவிட்டன, ஆனால் மென்பொருள் நிறுவப்படவில்லை. நிறுவும்போது, சுருக்கப்பட்ட கோப்புகள் விரிக்கப்பட்டு உரிய கோப்புறைகளில் வைக்கப்படுகின்றன; அந்த மென்பொருள் சார்ந்திருக்கும் துணைக் கோப்புகள் இருக்கின்றனவா என்று பார்க்கப்படுகிறது; விண்டோஸ் ஆயின் அமைப்பு விவரங்களைச் சேமிக்கும் அதன் பதிவகத்தில் பதிவுகள் எழுதப்படுகின்றன; எந்த வகைக் கோப்பை எந்த மென்பொருள் திறக்க வேண்டும் என்பது முடிவாகிறது. ஒட்டினாலே ஓடும் கையடக்க மென்பொருள்களும் உண்டு. அவற்றுக்கு இச்சொல் வேண்டியதில்லை.

இலங்கையில் தமிழ்த் தட்டச்சுச் செய்தவர்களுக்குப் பாமினி எழுத்துருவே இதற்குப் போதிய சான்று. ஆங்கிலக் குறிகளின் இடத்தில் தமிழ் எழுத்து வடிவங்களைக் காட்டுவது பாமினி. அதில் தட்டச்சிட்ட கடிதத்தை அந்த எழுத்துரு நிறுவப்படாத கணினியில் திறந்தால், ‘அம்மா’ என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளின் வரிசையாகத் தோன்றும். மகர மெய்யின் புள்ளிதான் அந்த அரைப்புள்ளி. கடிதம் முழுமையாக வந்துசேர்ந்திருக்கும், தமிழ் மட்டும் வந்திராது. எழுத்துருக் கோப்பை மேசைத்திரையில் வைத்திருந்தாலும் அதனால் பயனில்லை. அது முறைமைக்குள் நிறுவப்பட வேண்டும். ஒருங்குறி (யூனிகோட்) பரவிய பின்னர் இந்தத் தொல்லை குறைந்தது, என்றாலும் பழைய ஆவணங்களைத் திறக்கும் அலுவலகங்களில் அது இன்னும் எட்டிப்பார்க்கும்.

பாமினியைத் தட்டச்சிட்ட அதே தலைமுறை கணித வகுப்பில் ‘என நிறுவுக’ என்ற தொடரையும் எழுதிப் பழகியது. நம் கணித நூல்களில் நிறுவல் என்பது ஒரு தேற்றத்தை ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டுவது. ஒரு சொல் இரு துறைகளில் வழங்குவதால் குழப்பம் வரும் என்பார் உளர். தேற்றத்தை நிறுவுபவரும் மென்பொருளை நிறுவுபவரும் ஒருவரையொருவர் இதுவரை தவறாக விளங்கிக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

குழப்பம் வேறிடத்தில் இருக்கிறது. புதிய கைப்பேசி வாங்கிய ஒருவர் ‘செயலியைப் பதிவேற்றினேன்’ என்று எழுதுகிறார். பதிவேற்றம் என்பது தம்மிடமுள்ளதை இணையத்துக்கு அனுப்புவது. அவர் செய்ததோ அதற்கு எதிரானது. இணையத்திலிருந்து கோப்பை எடுப்பது தரவிறக்கம். தமிழகத்தார் பதிவிறக்கம் என்பர். கைப்பேசியில் ஒரே தொடுகையில் தரவிறக்கமும் நிறுவலும் அடுத்தடுத்து முடிந்துவிடுவதால் இரண்டும் ஒன்றென்று தோன்றுகிறது. இணைப்பு மெதுவாக இருக்கும் நாளில், விழுக்காடு நூறைத் தொட்ட பின்னரும் சிறிது நேரம் ‘நிறுவுகிறது’ என்ற வரி நிற்பதைக் கவனித்தால் வேறுபாடு தெரியும். நினைவகச் சில்லு, அச்சுப்பொறி போன்ற வன்பொருள்களுக்கும் ஆங்கிலம் ‘இன்ஸ்டோல்’ என்றே சொல்கிறது. தமிழில் அவற்றைப் பொருத்துகிறோம், அச்சுப்பொறிக்குரிய மென்பொருளை நிறுவுகிறோம். இந்த இடத்தில் தமிழ் கூடுதல் துல்லியமானது. அதை ஆங்கிலத்துக்காக விட்டுக்கொடுக்கக் கூடாது. மொழி, நேரம், விசைப்பலகை ஆகியவற்றைத் தெரிவுசெய்வது அமைத்தல். பழைய பதிப்பை இன்றைய நிலைக்குக் கொண்டுவருவது இற்றைப்படுத்தல்.

நிறுவுவதற்கு முன் முயன்று பார்ப்பதற்கு நம்மிடம் ஆயத்தமாக ஒரு சொல் இருக்கிறது. புதிதாகச் செய்த தேரை மூர்த்தி எழுந்தருளும் முன்னர் ஓட்டிப் பார்ப்பது வெள்ளோட்டம். கப்பலுக்கும் இச்சொல் வழங்கும். கணினிக்கும் அது பொருந்தும். விண்டோஸ் 10 பதிப்புக்கான பொது ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 அன்று நிறுத்தியது. 2021இல் வெளியான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறு இல்லாத கணினிகளை முறைப்படி ஏற்பதில்லை. ஆகவே, இன்னும் நன்றாக இயங்கும் பழைய மடிக்கணினி வைத்திருக்கும் பலர் லினக்ஸ் என்னும் வேறோர் இயங்குதளத்தின் பக்கம் திரும்புகின்றனர். உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளைப் பென் ட்ரைவிலிருந்தே தொடக்கிப் பார்க்கலாம். அப்போது முறைமை நினைவகத்தில் ஓடும், வன்தட்டு தொடப்படாது, கணினியை அணைத்தால் செய்த மாற்றங்கள் பொதுவாக மறைந்துவிடும். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, தொடுதளம் கேட்கிறதா, தமிழில் தட்டச்சிட முடிகிறதா என்பவற்றை அந்த வெள்ளோட்டத்திலேயே பார்த்துவிடலாம்.

‘நிறுவு’ என்பதைத் தெரிவுசெய்த பிறகு நிலைமை வேறு. வன்தட்டு பகுக்கப்படும், முழு வட்டையும் அழித்து நிறுவும் தெரிவை ஏற்றால் பழைய படங்களும் ஆவணங்களும் போய்விடும், கணினி தொடங்கும்போது எதை முதலில் ஏற்ற வேண்டும் என்ற குறிப்பும் மாற்றி எழுதப்படும். படிகளை நடத்திச் செல்லும் மென்பொருளை நிறுவி என்றும், ஒன்றை எடுத்துவிடுவதை நிறுவல் நீக்கம் என்றும், மீண்டும் நிறுவுவதை மீள்நிறுவல் என்றும் எழுதலாம். கடையில் ‘விண்டோஸ் போட்டுத் தாங்கோ’ என்று கேட்பதில் பிழையில்லை. பேச்சுக்கு அது போதும். பற்றுச்சீட்டிலும் கையேட்டிலும் வினாத்தாளிலும் ‘நிறுவுதல்’ என்றே இருக்கட்டும்.