பதின்மூன்றாம் சுற்று: சாஞ்செசும் சாவேசும் மோதியிருந்தால்

1980 பிப்ரவரி 2 அன்று அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில், 21 வயது சல்வதோர் சாஞ்செஸ் 13ஆவது சுற்றில் நடுவர் சண்டையை நிறுத்தும் அளவுக்கு டேனி லோபஸைத் தாக்கி, உலகக் குத்துச்சண்டை மன்றத்தின் ஃபெதர்வெயிட் பட்டத்தைக் கைப்பற்றினார். அதே ஆண்டில்தான் மெக்சிகோவின் சினலோவா மாநிலத்தின் குலியாக்கானில் வளர்ந்த 17 வயது ஹூலியோ சேசர் சாவேஸ் தொழில்முறைக் களத்தில் இறங்கினார். 1982 ஆகஸ்ட் 12 அன்று கார் விபத்தில் சாஞ்செஸ் இறந்தபோது அவருக்கு வயது 23. இரண்டாண்டுகள் கழித்து, 1984 செப்டம்பரில், சாஞ்செஸின் எடைப்பிரிவுக்கு அடுத்த மேல்பிரிவில் சாவேஸ் முதல் உலகப் பட்டத்தை வென்றார். இரு பிரிவுகளின் உச்ச எடைகளான 57.15 கிலோவுக்கும் 58.97 கிலோவுக்கும் இடையிலான வேறுபாடு இரண்டு கிலோகூட இல்லை. ஆகவே மெக்சிகோவின் இந்த இரு மாவீரர்கள் மோதியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது, வெவ்வேறு தலைமுறையினரை வலிந்து எதிரெதிரே நிறுத்தும் கற்பனை அன்று. ஒரு விபத்து நேராதிருந்தால் நடந்திருக்கக்கூடிய சண்டையைப் பற்றிய கேள்வி.

இத்தகைய கேள்விக்குக் கணினியிடம் விடை தேடுவது பழைய வழக்கம். 1960களின் இறுதியில் முர்ரே வொரோனர் என்ற அமெரிக்க வானொலித் தயாரிப்பாளர், முன்னாள் வெற்றிவீரர்களின் திறன்களை எண்களாக்கிக் கணினிக்கு ஊட்டி, கற்பனைப் போட்டிகளை நடத்தினார். அவ்வகையில் 1970இல் திரையிடப்பட்ட முகம்மது அலி - ராக்கி மார்சியானோ மோதலில் மார்சியானோ 13ஆவது சுற்றில் வென்றதாகக் காட்டப்பட்டது. இதன் அடிப்படை எளிது: ஒவ்வொரு சுற்றையும் யார் வெல்வார் என்பதற்கு ஒரு நிகழ்தகவைக் கொடுத்து, அதைப் பல்லாயிரம் முறை ஓட்டிப் பார்ப்பது. எடுத்துக்காட்டாக, சாஞ்செஸ் ஒவ்வொரு சுற்றையும் வெல்ல 55 விழுக்காடு வாய்ப்பு உள்ளதாக வைத்துக்கொள்வோம். 12 சுற்றுப் போட்டியில் அவர் அதிகச் சுற்றுகளை வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 53 விழுக்காடு, சுற்றுகள் ஆறுக்கு ஆறாகச் சமமாகும் வாய்ப்பு 21, தோற்கும் வாய்ப்பு 26. சுற்றுகளின் எண்ணிக்கையை 15ஆக உயர்த்தினால் அதே வீரரின் வெற்றி வாய்ப்பு 65 விழுக்காடாகிவிடுகிறது. வீரர்களின் திறனில் துளியும் மாற்றமில்லை. கடைசி மணி அடிக்கும் இடம் மட்டுமே மாறியிருக்கிறது.

ஆனால் இந்தக் கணக்கில் பெரிய குறை ஒன்று உண்டு. சுற்றுகள் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்று அது கருதுகிறது. உண்மையில் மூன்றாம் சுற்றில் விலாவில் வாங்கிய குத்து பத்தாம் சுற்றில்தான் கால்களில் தெரியும். எனவே எண்களை விட்டுவிட்டு உடல்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சாஞ்செஸ் எதிர்க்குத்தின் வல்லுநர். கண்ணால் கண்ட ஒன்றுக்கு உடல் எதிர்வினை தொடங்கவே ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது. அதற்குள் வேகமான நேர்க்குத்து வந்து சேர்ந்துவிடும். ஆகவே கையைப் பார்த்துத் தப்பிக்க இயலாது. தோளின் சிறு அசைவு, இடுப்பின் திருப்பம், முன்காலில் எடை ஏறும் விதம் ஆகியவற்றிலிருந்து குத்து வரப்போவதை முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். இதில் சாஞ்செஸுக்கு இருந்த தெளிவு அபூர்வமானது என்பது என் கருத்து. ஓரங்குலம் பின்வாங்கி, எதிராளியின் கை முழுதும் நீண்ட அந்தக் கணத்தில் தன் குத்தை இறக்குவார்.

அதன் வலிமைக்கு இயற்பியல் துணைநிற்கிறது. தேர்ந்த வீரரின் முட்டி விநாடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. எதிராளி விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் அதை நோக்கியே முன்னேறி வந்தால் மோதும் வேகம் 10 மீட்டர் ஆகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், முட்டி சுமந்துவரும் தாக்கம் ஏறத்தாழ 23 விழுக்காடு கூடுகிறது. அவர் அதே வேகத்தில் விலகிச் சென்றிருந்தால் 21 விழுக்காடு குறைந்திருக்கும். 1981 ஆகஸ்டில், அதுவரை வென்ற 32 சண்டைகளையும் நாக் அவுட்டில் முடித்திருந்த புவேர்ட்டோ ரிக்கோவின் வில்ஃபிரெடோ கோமெஸ் பாய்ந்து வந்தபோது, முதல் சுற்றிலேயே தரையில் விழுந்து எட்டாம் சுற்றில் முற்றிலும் தோற்றார். அவருடைய தாக்கும் வேகத்தையே சாஞ்செஸ் தன் முட்டியோடு கூட்டிக்கொண்டார்.

சாவேஸும் முன்னேறி வருபவர்தான். ஆனால் அவர் பாய்வதில்லை. தலையைச் சற்றே அசைத்தபடி சிறு சிறு அடிகளாக வந்து, எதிராளி ஓடக்கூடிய வழியை அடைப்பார். இங்கே வடிவியல் அவர் பக்கம் நிற்கிறது. மேடையின் மையத்திலிருந்து 2.5 மீட்டர் தொலைவில் வட்டமிடும் வீரர் கால்வட்டம் சுற்ற ஏறக்குறைய 3.9 மீட்டர் நடக்க வேண்டும், 1.5 மீட்டர் ஆரத்தில் உள்வட்டமாக நகர்பவருக்கு 2.4 மீட்டர் போதும். சுற்றுக்குச் சுற்று இந்த வேறுபாடு, வெளியே நகர்பவரின் கால்களில் கடனாகச் சேர்ந்துகொண்டே போகிறது.

கயிற்றோரம் ஒதுக்கப்பட்டவருக்காக அங்கே காத்திருப்பது சாவேஸின் இடக்கை. மெக்சிகோவில் அந்தக் குத்துக்குக் ‘காஞ்சோ அல் ஈகதோ’, அதாவது கல்லீரலுக்கான கொக்கிக் குத்து, என்றே பெயர். இடக்காலை முன்வைத்து நிற்கும் வீரரின் இடக்கை எதிராளியின் வலப்பக்கத்துக்கு நேராக வருகிறது. அங்கேதான் சுமார் ஒன்றரைக் கிலோ எடையுள்ள கல்லீரல், கீழ் விலாக்களின் மறைவில் இருக்கிறது. தலையைக் காக்கவோ வலக்கையால் குத்தவோ முழங்கையை உயர்த்தும் கணத்தில் அதற்கான வாசல் திறக்கிறது. கல்லீரலின் உட்திசுவுக்கு வலியுணர்வு மிகக் குறைவு. ஆனால் அதைப் போர்த்தியுள்ள மெல்லிய உறையில் நரம்புகள் செறிந்துள்ளன. அந்த உறை திடீரென அதிரும்போது தன்னியக்க நரம்பு மண்டலம் கிளர்ந்து, இதயத் துடிப்பு மந்தமாகி, இரத்தக் குழாய்கள் விரிந்து, இரத்த அழுத்தம் சரிகிறது. இந்த மாற்றங்களுக்குச் சிறிது நேரம் பிடிப்பதால், குத்து வாங்கியவர் ஒரு கணம் நின்றுவிட்டு அதன் பிறகே மடிந்து விழுவதைக் காண்கிறோம். அவருடைய நினைவு தெளிவாகவே இருக்கும், எழ வேண்டும் என்று மனம் விரும்பும், கால்கள் மறுக்கும். தாடையில் விழும் குத்து தலையைச் சுழற்றி மூளையைக் குலுக்குவதால் நினைவைப் பறிக்கிறது. இது நினைவை விட்டுவைத்துவிட்டு உடலைப் பறிக்கிறது.

விழவைக்காத குத்துகளும் வீணாவதில்லை. விலாவிடைத் தசைகளும் உதரவிதானமும் அடிபட்டால் மூச்சு ஆழமற்றுப் போகிறது; சுற்றுகளுக்கு இடையே கிடைக்கும் 60 விநாடிகளில் தசைகள் தங்கள் ஆற்றல் இருப்பை மீட்டெடுக்க அத்தகைய மூச்சு போதாது. 1990 மார்ச் 17 அன்று லாஸ் வேகஸில், தன்னைவிட வேகமான மெல்ட்ரிக் டெய்லரிடம் மூன்று புள்ளி நடுவர்களில் இருவரின் கணக்கில் பின்தங்கியிருந்த சாவேஸ், 12ஆவது சுற்று முடிய 2 விநாடிகள் எஞ்சியிருந்தபோது வென்றது இப்படிச் சேர்ந்த சேதத்தால்தான்.

ஆகவே இந்தக் கற்பனைச் சண்டையை நான் 1984 செப்டம்பரில், 58.97 கிலோ எடைப்பிரிவில் வைக்கிறேன். அப்போது சாஞ்செஸுக்கு 25 வயது, சாவேஸுக்கு 22. முதல் ஆறு சுற்றுகள் சாஞ்செஸுடையவை என்றே நம்புகிறேன். ஆனால் கோமெஸைப் போல் சாவேஸ் தன் வேகத்தை அவருக்குக் கடன் கொடுக்கமாட்டார் என்பதால் விரைவான முடிவு வராது. ஏழாம் சுற்றிலிருந்து விலாக் குத்துகள் பலன் தரத் தொடங்கும், வட்டம் சுருங்கும். 12 சுற்றுகளில் சாஞ்செஸ் ஓரிரு புள்ளிகள் வேறுபாட்டில் வெல்வார், அல்லது சமனாகும்.

15 சுற்றுகளானால் நிலை வேறு. சாஞ்செஸின் மூச்சு பிந்திய சுற்றுகளில் தேய்ந்ததில்லை: லோபஸை முதன்முறை 13ஆவது சுற்றிலும், மறுமோதலில் 14ஆவதிலும், 1982 ஜூலையில் அசுமா நெல்சனை 15ஆவதிலும் வீழ்த்தினார். இளைய சாவேஸுக்கோ அந்த ஆழத்தில் பழக்கமே இல்லை. 13ஆவது சுற்றில், களைத்துச் சற்றே நிமிர்ந்து நடந்துவரும் சாவேஸின் தாடையில் சாஞ்செஸின் வலக்கை விழும் என்பது என் கணிப்பு. ஆனால் 1982 நவம்பரில், 14ஆவது சுற்றுவரை நீண்ட ஒரு பட்டச் சண்டைக்குப் பின் தென்கொரிய வீரர் கிம் டுக்-கூ மூளைக் காயத்தால் இறந்ததையடுத்து, உலகக் குத்துச்சண்டை மன்றம் தன் பட்டச் சண்டைகளை 12 சுற்றுகளாகக் குறைத்துவிட்டது. 1984இல் அந்த மன்றத்தின் பட்டத்துக்காக அவ்விருவரும் மோதியிருந்தால், 13ஆவது சுற்று என்று ஒன்று இருந்திருக்காது.