அமெரிக்காவில் இறைச்சி மாடு வளர்ப்போருக்கான பயிற்சிகள்: உங்கள் பணத்தில் நடப்பவை, உங்களுக்குச் சேர வேண்டியவை

அமெரிக்காவில் ஒரு மாடு கைமாறும் ஒவ்வொரு முறையும், விற்பவருக்கு வரும் தொகையில் 1 டாலர் பிடிக்கப்படுகிறது. இதற்கு பீஃப் செக்ஆஃப் என்று பெயர். 1985-ல் வந்த கூட்டாட்சிச் சட்டம் இது. 1988-ல் மாடு வளர்ப்போரே வாக்களித்து இதைத் தொடரச் சொன்னார்கள். அந்த டாலரில் பாதி வரை மாநில மாட்டிறைச்சி மன்றத்திடம் இருக்கும், மீதி தேசிய வாரியத்துக்குப் போகும். பலர் இந்தப் பிடித்தத்தை ரசீதில் பார்ப்பதோடு சரி. அதில் ஒரு பகுதி தங்களுக்கான பயிற்சியாகத் திரும்பி வருகிறது என்பதைக் கவனிப்பதில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. 1914-ம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டப்படி, மாநில வேளாண் பல்கலைக்கழகங்கள் தங்கள் ஆய்வை விவசாயியின் வாசலுக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்காகத்தான் கவுண்டிகளில், அதாவது நம் மாவட்டம் போன்ற பிரிவுகளில், எக்ஸ்டென்ஷன் எனப்படும் வேளாண் விரிவாக்க அலுவலகங்கள் இருக்கின்றன. கூட்டாட்சி, மாநிலம், கவுண்டி மூன்றும் இதற்குப் பணம் தருகின்றன. 5 மாடு வைத்திருப்பவரும் போகலாம், 500 மாடு வைத்திருப்பவரும் போகலாம். இனிமேல்தான் மாடு வாங்கப்போகிறவர் முதலில் போக வேண்டிய இடமே இதுதான் என்பேன்.

முதலில் எடுக்க வேண்டிய பயிற்சி பீஃப் குவாலிட்டி அஷ்யூரன்ஸ், சுருக்கமாக பி.கியூ.ஏ. செக்ஆஃப் பணத்தில் நடப்பதால் இணையத்தில் இலவசம். எக்ஸ்டென்ஷன் அலுவலர்கள் நேரிலும் நடத்துகிறார்கள். சான்றிதழ் 3 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். இதில் சொல்லித் தருவது எல்லாம் நேரடியான விஷயங்கள். ஊசியைக் கழுத்தில் மட்டும் போடுங்கள், தொடையிலோ பின்னிடுப்பிலோ போட்டால் விலை உயர்ந்த இறைச்சியில் தழும்பு விழும். தோலுக்கடியில் போடலாம் என்று மருந்தின் லேபிளில் இருந்தால் தசையில் குத்தாதீர்கள். ஒரே இடத்தில் 10 மி.லி.க்கு மேல் செலுத்தாதீர்கள். மருந்து கொடுத்த பிறகு எத்தனை நாள் கழித்து வெட்டுக்கு அனுப்பலாம் என்பதைப் பார்த்து, மாட்டின் எண்ணோடு எழுதி வையுங்கள்.

மருந்து என்றதும் ஒரு விதிமாற்றத்தைச் சொல்லியாக வேண்டும். மனித மருத்துவத்துக்கும் முக்கியமான ஆன்டிபயாடிக்குகளைத் தீவனத்தில் கலக்க, 2017 ஜனவரி முதல் கால்நடை மருத்துவரின் எழுத்துபூர்வ உத்தரவு தேவை. 2023 ஜூன் 11 முதல் இதே வகை ஆன்டிபயாடிக் ஊசிகளுக்கும் மருத்துவரின் சீட்டு கட்டாயம் ஆகிவிட்டது. தீவனக் கடையில் பென்சிலினோ ஆக்ஸிடெட்ராசைக்ளினோ சும்மா வாங்கிவந்த காலம் முடிந்தது. தடுப்பூசிக்கும் குடற்புழு மருந்துக்கும் இந்த விதி பொருந்தாது. சீட்டு எழுத, மருத்துவருக்கு உங்கள் மந்தை ஏற்கெனவே பரிச்சயமாக இருக்க வேண்டும். ஆகவே கன்றுக்குச் சளி பிடித்த ராத்திரியில் மருத்துவரைத் தேடாமல், நல்ல நாளிலேயே ஒருவரை வரவழைத்து மந்தையைக் காட்டிவிடுங்கள்.

இனி மந்தை மேலாண்மை. எக்ஸ்டென்ஷன் வகுப்புகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான், பணம் போவதும் வருவதும் இங்கேதான். கணக்கு எளிது. பசுவின் சினைக்காலம் சுமார் 283 நாள். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமென்றால், ஈன்ற 82 நாளுக்குள் அது மறுபடி சினை பிடிக்க வேண்டும். ஈன்ற பசு பருவத்துக்கு வரவே பல வாரம் ஆகும், பருவச் சுழற்சி 21 நாள். அப்படியானால் கிடைப்பது ஓரிரண்டு வாய்ப்புதான். அந்த நேரத்தில் பசு மெலிந்திருந்தால் பருவம் தள்ளிப்போகும், ஆண்டு ஒன்று வீணாகும்.

மெலிவைக் கண்ணால் அளக்க 1 முதல் 9 வரை உடல்நிலை மதிப்பெண் தருகிறார்கள். 1 என்றால் எலும்பும் தோலும், 9 என்றால் மிகக் கொழுப்பு. ஈனும்போது பசுவுக்கு 5, தலையீற்றுக் கிடாரிக்கு 6 இருப்பது நல்லது. விலா, முதுகெலும்பு, வால் அடி ஆகியவற்றைப் பார்த்துச் சொல்லும் பழக்கம் நேரில் நான்கைந்து மாடுகளைப் பார்த்தால்தான் வரும். இதற்காகவாவது வகுப்புக்கு நேரில் போங்கள். மதிப்பெண்ணை ஈனுவதற்கு மூன்று மாதம் முன்பே பார்த்துவிட்டால் தீவனத்தைக் கூட்ட நேரம் இருக்கும். ஈன்ற பிறகு உடம்பைத் தேற்றுவது கடினம், செலவும் அதிகம், ஏனென்றால் தின்பதெல்லாம் பாலுக்குப் போகிறது.

காளையை ஆண்டு முழுக்க மந்தையில் விடாமல் 60 முதல் 90 நாளுக்கு மட்டும் விடச் சொல்வதும் இதனால்தான். கன்றுகள் அடுத்தடுத்துப் பிறந்தால் ஒரே சமயத்தில் தடுப்பூசி, ஒரே சமயத்தில் பால் மறக்கடிப்பு, ஒரே அளவுக் கூட்டமாக விற்பனை. விடுவதற்கு ஓரிரு மாதம் முன்பே பொலிகாளையின் விந்தையும் கால்களையும் சோதித்துவிட வேண்டும். காளை விடும் காலம் முடிந்ததும் சினைப்பரிசோதனை. சினை பிடிக்காத பசுவுக்குக் குளிர்காலம் முழுக்கத் தீனி போடுவதா, கழிப்பதா என்ற முடிவை அப்போதே எடுக்கலாம். அப்புறம் ஒரு கணக்கு: பால் மறந்த கன்றுகளை, ஈன்ற பசுக்களால் வகுக்காதீர்கள், காளைக்கு விட்ட மொத்தப் பசுக்களால் வகுங்கள். அந்தச் சதவீதம்தான் மந்தையின் உண்மையான நிலை.

சில மாநிலங்களில் பயிற்சி நேரடியாகப் பணமாகவும் மாறுகிறது. டென்னசி மாநிலத்தில் மாடு பிடிக்கும் கட்டமைப்பு, தீவனக் கிடங்கு போன்றவற்றுக்கு ஆகும் செலவில் ஒரு பங்கை அரசு தரும் திட்டம் உண்டு. மாஸ்டர் பீஃப் புரொட்யூசர் என்ற இறைச்சி மாடு வளர்ப்புப் பயிற்சியை முடித்தவர்களுக்கு அந்தப் பங்கு கூடுதல். உங்கள் மாநிலத்தில் இதுபோல் உண்டா என்று கவுண்டி அலுவலகத்தில் கேளுங்கள்.

கடைசியாகக் காது வில்லை, அதாவது மாட்டை அடையாளம் காணக் காதில் பொருத்தும் எண் வில்லை. 2024 நவம்பர் 5 முதல், மாநில எல்லையைத் தாண்டும், காயடிக்கப்படாத, 18 மாதமும் அதற்கு மேலும் வயதான மாடுகளுக்குப் புதிதாகப் பொருத்தும் வில்லை, கண்ணாலும் கருவியாலும் படிக்கக்கூடிய மின்னணு வில்லையாக இருக்க வேண்டும். அந்தத் தேதிக்கு முன்பே பொருத்திய அதிகாரபூர்வ உலோக வில்லை அந்த மாட்டின் ஆயுள் வரை செல்லும். இறைச்சிக்காக வளர்க்கும் காயடித்த காளைகள் இதில் வராது, ஆனால் கண்காட்சிக்கும் ரோடியோ எனப்படும் மாடு அடக்கும் போட்டிக்கும் போகும் மாடுகள், எந்த வயதானாலும், காயடித்திருந்தாலும் இதில் வரும். வில்லை வாங்கப் பண்ணைக்கான அடையாள எண் தேவை. அந்த எண்ணை மாநில கால்நடை மருத்துவர் அலுவலகத்தில் பதிந்து வாங்கலாம். கையிருப்பைப் பொறுத்து இலவச வில்லைகளும் அங்கேயே கிடைப்பதுண்டு, கேட்டுப் பாருங்கள்.